இறங்கும் ரயிலின் சூடு எங்கே போகிறது?
(மூன்றாம் ஆண்டு மாணவன், இயந்திரவியல் பிரிவு)



நம் ஆண்டு மலரில் கவிதையும் கடி ஜோக்கும் நிறைய வருகிறது, பாடம் சம்பந்தமாக ஒன்றும் வருவதில்லையே என்று மலர்க்குழு அண்ணனிடம் வாய் தவறிச் சொல்லிவிட்டேன். "அப்ப நீயே எழுதிக் குடு" என்று என் தலையில் கட்டிவிட்டார். எதைப் பற்றி எழுதுவது என்று யோசிக்க வேண்டிய அவசியம் இருக்கவில்லை. போன செமஸ்டர் வைவாவில் நான் முழித்த கேள்வி ஒன்று இன்னும் நெஞ்சில் முள்ளாக இருக்கிறது. அதைப் பற்றியே எழுதுகிறேன்.

வெளியிலிருந்து வந்த எக்ஸாமினர் சார் ரொம்ப அமைதியானவர். "ராக் அண்ட் பினியன் எங்கெங்க பயன்படுது?" என்றார். லேத், டிரில்லிங் மெஷின், கார் ஸ்டீரிங் என்று ஒப்பித்துவிட்டு, கெத்தாக "ஊட்டி ரயில் சார்" என்றேன். அங்கேதான் மாட்டினேன்.

"ஊட்டி ரயிலுக்கு எதுக்குப்பா பல்லு?"

"மலை ஏற எஞ்சினுக்கு பவர் பத்தாது சார்."

"பல்லு வெச்சா பவர் வந்துடுமா?"

நான் பேசவில்லை. அவர் விடவில்லை. "சரி, ஏறிடுச்சு. திரும்ப இறங்குதே, அப்போ அந்த எனர்ஜி எல்லாம் எங்க போகுது?" என்றார். அதற்கும் பேசவில்லை. எப்படியோ பாஸ் போட்டுவிட்டார். நான் பிறந்து வளர்ந்ததே மேட்டுப்பாளையம் பக்கம். தினமும் காலையில் அந்த ரயிலின் ஊதல் சத்தத்தில் எழுந்தவன். என்னால் பதில் சொல்ல முடியவில்லை என்பதுதான் வெட்கம்.

முதலில் பவர் விஷயத்தைப் பார்த்துவிடுவோம். மேட்டுப்பாளையத்திலிருந்து உதகமண்டலம் வரை மொத்தம் சுமார் 46 கி.மீ. மீட்டர் கேஜ் பாதை. இதில் கல்லாறு முதல் குன்னூர் வரைதான் பல் தண்டவாளம் உள்ள பகுதி, ஏறக்குறைய 20 கி.மீ. அங்கே அதிகபட்சச் சரிவு 12.28-க்கு 1. அதாவது பன்னிரண்டே கால் அடி முன்னே போனால் ஓர் அடி மேலே ஏறியாக வேண்டும். கணக்குக்காக எஞ்சின் 50 டன், பெட்டிகளும் ஆட்களும் 50 டன், மொத்தம் 100 டன் என்று வைத்துக்கொள்வோம். இந்தச் சரிவில் வண்டியைப் பின்னால் இழுக்கும் விசை 100-ஐ 12.28-ஆல் வகுத்தால் வருவது, சுமார் 8.1 டன். வேகம் மணிக்கு 13 கி.மீ. விசையையும் வேகத்தையும் பெருக்கிப் பாருங்கள், 385 குதிரைத்திறன் வரும். உராய்வையும் சேர்த்தால் 400-க்குச் சற்று மேலே. அவ்வளவுதான்! இரண்டு மூன்று பஸ் எஞ்சின்களின் பவர். நூறு வருஷத்துக்கு முந்தைய நீராவி எஞ்சினுக்கே இது பெரிய விஷயம் இல்லை.

பிரச்சினை பிடிப்பில்தான் இருக்கிறது. இரும்புச் சக்கரம் இரும்புத் தண்டவாளத்தில் எவ்வளவு பிடித்து நிற்கும்? எஞ்சினின் எடையில் 40 டன் ஓட்டும் சக்கரங்களின் மேல் விழுகிறது என்று வைத்துக்கொண்டால், காய்ந்த தண்டவாளத்தில் உராய்வுக் குணகம் 0.25. பிடிப்பு 10 டன். தேவை 8.1 டன்தான். அப்படியானால் பல் இல்லாமலே ஏறிவிடுமே என்று தோன்றும். நானும் அப்படித்தான் நினைத்தேன். ஆனால் அது காட்டு மலை. பனி இறங்கும், மழை பெய்யும், தண்டவாளத்தில் இலை விழுந்து நசுங்கி எண்ணெய் தடவின மாதிரி ஆகிவிடும். குணகம் 0.12-க்கு இறங்கினால் பிடிப்பு 4.8 டன். சக்கரம் நின்ற இடத்திலேயே சுற்றும். அதோடு விட்டால் பரவாயில்லை, வண்டி பின்னால் வழுக்க ஆரம்பிக்கும். காய்ந்த நாளில் மட்டும் ஏறுகிற ரயிலுக்கு யார் டிக்கெட் எடுப்பார்கள்?

வேடிக்கை என்னவென்றால், ரயில் எஞ்சின் பிறந்த காலத்தில் சமதளத்துக்கே பல் வைத்தார்கள். 1812-இல் இங்கிலாந்தின் லீட்ஸ் நகரில் நிலக்கரி இழுக்க பிளென்கின்சாப் என்பவர் தண்டவாளத்தின் பக்கவாட்டில் பல் வைத்து எஞ்சின் ஓட்டினார். வழவழப்பான சக்கரம் போதுமான பிடிப்பு கொடுக்காது என்ற பயம். அடுத்த சில ஆண்டுகளிலேயே சமதளத்தில் பல் தேவையில்லை என்று தெரிந்துபோய், அந்த யோசனை மூலைக்குப் போய்விட்டது. அதை மலைக்குத் திரும்பக் கொண்டுவந்தவர்கள் இரண்டு பேர். அமெரிக்காவில் சில்வெஸ்டர் மார்ஷ், மவுண்ட் வாஷிங்டன் மலையில் 1869-இல். சுவிட்சர்லாந்தில் நிக்லாஸ் ரிகன்பாக், ரிகி மலையில் 1871-இல். இரண்டு பேரும் ஏணி மாதிரி குறுக்குக் கம்பிகள் வைத்த பல் தண்டவாளத்தைத்தான் போட்டார்கள்.

இந்த ரிகன்பாக்கை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் மறுபடி வருவார். நீலகிரிக்கு ரயில் போட வேண்டும் என்ற பேச்சு 1854-லேயே தொடங்கிவிட்டது. 1882-இல் ரிகன்பாக்கே நீலகிரிக்கு வந்து திட்டம் போட்டுக் கொடுத்தார். பணம் சேரவில்லை. கம்பெனி மாறி, கைமாறி, 1891-இல் வேலை தொடங்கி, நடுவில் ஒரு கம்பெனி திவாலாகி, 1899 ஜூன் மாதம்தான் குன்னூர் வரை ரயில் ஓடியது. ஊட்டிக்கு 1908-இல் போய்ச் சேர்ந்தது. குன்னூருக்கு மேலே சரிவு குறைவு என்பதால் அங்கே பல் கிடையாது. இப்போது அந்தப் பகுதியில் டீசல் எஞ்சின் ஓடுகிறது. 2005-இல் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியச் சின்னம் ஆக்கியது எல்லோருக்கும் தெரிந்ததே.

ஆனால் கடைசியில் இங்கே போட்டது ரிகன்பாக்கின் ஏணியை இல்லை. அவரிடம் வேலை பார்த்த ரோமன் ஆப்ட் என்பவரின் முறையை. ஏணி முறையில் ஒரு பல் விட்டு அடுத்த பல் பிடிக்கும்போது ஒரு தட்டு தட்டும். ஆப்ட் என்ன செய்தார் தெரியுமா? இரண்டு பல் பட்டைகளைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்தார். ஒன்றின் பல்லுக்கு நேராக மற்றதன் பள்ளம் வருமாறு. எஞ்சினிலும் இரண்டு பினியன், அதே போல அரைப் பல் தள்ளி. ஒன்று விடும்போது இன்னொன்று நடுப்பிடியில் இருக்கும். நம் ஒர்க்ஷாப்பில் ஸ்பர் கியரைவிட ஹெலிக்கல் கியர் ஏன் சத்தம் போடுவதில்லை என்று படித்தோமே, ஏறக்குறைய அதே தத்துவம்தான்.

எஞ்சின் இன்னும் சுவாரஸ்யம். சுவிட்சர்லாந்தின் விண்டர்தூர் நகரத் தொழிற்சாலையில் செய்த எக்ஸ் வகுப்பு எஞ்சின்கள் 1914 முதல் 1925 வரையும், பிறகு 1950-களின் தொடக்கத்திலும் வந்தன. ஒவ்வொன்றிலும் நான்கு சிலிண்டர். கீழே இரண்டு ஹை பிரஷர், அவை தண்டவாளத்தில் ஓடும் எட்டுச் சக்கரங்களைச் சுற்றுகின்றன. மேலே இரண்டு லோ பிரஷர், அவை கியர் வழியாகப் பல் சக்கரத்தைச் சுற்றுகின்றன. சமமான பகுதியில் ஓடும்போது நீராவி கீழ் சிலிண்டரில் வேலை செய்துவிட்டு நேராகப் புகைபோக்கிக்குப் போய்விடும். கல்லாறு வந்து பல் தொடங்கியதும் டிரைவர் வால்வைத் திருப்புவார். கீழே வேலை முடித்த நீராவியே மேலே போய் இரண்டாம் முறை வேலை செய்யும். தெர்மல் பாடத்தில் "காம்பவுண்டிங்" என்று நெட்டுருப் போட்டோமே, அதைக் கண்ணால் பார்க்க வேண்டுமா? ஹில்குரோவ் ஸ்டேஷனில் எஞ்சின் தண்ணீர் பிடித்துவிட்டுக் கிளம்பும்போது பக்கவாட்டில் நின்று பாருங்கள். கீழ் ராடு ஒரு பக்கம் சாவதானமாகச் சுற்றும், மேல் ராடு எதிர்ப்பக்கமாக வேகமாகச் சுற்றும். இரண்டும் ஒரே எஞ்சினில்! நான் அரை மணி நேரம் வாய் பிளந்து நின்றேன். நம் திருச்சி பொன்மலைப் பணிமனையிலும் 2011-லிருந்து இதே வகை எஞ்சின்களைப் புதிதாகச் செய்து அனுப்பினார்கள் என்பது நம்மவர்களுக்குப் பெருமை.

சரி, எக்ஸாமினரின் இரண்டாவது கேள்வி. இதற்கு எனக்குப் பதில் சொன்னவர் என் அப்பா.

அப்பா லாரி டிரைவர். ஊட்டியிலிருந்து உருளைக்கிழங்கும் கேரட்டும் ஏற்றி மேட்டுப்பாளையம் மண்டிக்கு இறக்குவார். இருபது வருஷமாக அந்த மலைதான் அவருக்குப் பிழைப்பு. வைவாவில் முழித்த கதையை வீட்டில் சொன்னபோது சிரிப்பார் என்று நினைத்தேன். சிரிக்கவில்லை. "ஏறுறப்ப எஞ்சின் ஓட்டும் கண்ணு. இறங்குறப்பத்தான் நாம ஓட்டோணும்" என்றார். பிறகு, நான் கேட்காமலே, பன்னிரண்டு வருஷத்துக்கு முந்தைய ஒரு ராத்திரியைப் பற்றிச் சொன்னார்.

அந்த விபத்து நடந்தது எனக்குத் தெரியும். பர்லியாருக்குக் கீழே வண்டி மண் திட்டில் மோதியதும், கிளீனர் அண்ணனுக்குக் கால் போனதும் தெரியும். அந்த அண்ணன் இப்போது டீக்கடை வைத்திருக்கிறார். "பிரேக் ஃபெயிலியர்" என்றுதான் வீட்டில் பேச்சு. அன்றைக்குத்தான் அப்பா முழுதாகச் சொன்னார். டீசல் மிச்சம் பிடிக்கலாம் என்று பெரிய கியரிலேயே விட்டு, கால் எடுக்காமல் பிரேக்கிலேயே இறக்கியிருக்கிறார். ஒவ்வொரு கொண்டை ஊசி வளைவிலும் லைனிங் கருகும் வாடை வந்ததாம். "வாடை வந்தப்பவே நிறுத்தியிருக்கோணும்" என்றார். கடைசியில் பெடல் இருந்தது, பிரேக் இல்லை.

பிரேக் ஏன் "இல்லை"? ஃபெயில் ஆனது எது? எந்தப் பாகமும் உடையவில்லை. அங்கேதான் அந்த எக்ஸாமினர் சாரின் கேள்வி இருக்கிறது. ரயிலுக்கே கணக்குப் போடுவோம். கல்லாறுக்கும் குன்னூருக்கும் உயர வித்தியாசம் சுமார் 1300 மீட்டர். 100 டன் வண்டி இறங்கினால் எம்.ஜி.ஹெச். எவ்வளவு? 1,00,000 பெருக்கல் 9.81 பெருக்கல் 1300. சுமார் 1275 மெகா ஜூல். மின்சாரக் கணக்கில் 354 யூனிட். எங்கள் வீட்டின் இரண்டு மாத கரண்ட் பில் கூட இவ்வளவு வராது. வண்டி வேகம் கூடாமல் இறங்க வேண்டுமானால் இந்தச் சக்தியில் உராய்வுக்குப் போவது போக மீதி எல்லாம் எங்காவது வெப்பமாக வெளியேறியே தீர வேண்டும். பிரேக் கட்டைகளை மட்டும் நம்பினால்? இந்த வெப்பத்தில் ஏறக்குறைய ஒரு டன் வார்ப்பிரும்பை உருக்கிவிடலாம்! கட்டை சூடாகும், உராய்வு குறையும், இன்னும் அழுத்த வேண்டி வரும், இன்னும் சூடாகும். லாரியிலும் இதுதான். டிரம் சூடேறி விரிந்து, லைனிங் கருகிப் பிடிப்பு விட்டுப்போகிறது. சூடு போக வழியில்லாமல் அங்கேயே தங்கியதுதான் குற்றம்.

இதை ரிகன்பாக் அந்தக் காலத்திலேயே யோசித்திருக்கிறார். அவர் வழி அற்புதமானது. இறங்கும்போது நீராவியை நிறுத்திவிட்டு, எஞ்சினின் லிவரை எதிர்த்திசைக்கு மாற்றிவிடுவார்கள். வண்டி கீழே போகப் போக சக்கரங்கள் பிஸ்டனை ஆட்டும். இப்போது சிலிண்டர் எஞ்சின் இல்லை, கம்ப்ரஸர்! வெளிக்காற்றை இழுத்து, அழுத்தி, ஒரு சிறிய வால்வு வழியாக வெளியே தள்ளும். அந்த வால்வை எவ்வளவு திறக்கிறோமோ அவ்வளவு வேகம். சைக்கிள் பம்பின் வாயைக் கட்டை விரலால் அடைத்துக்கொண்டு அடித்துப் பாருங்கள். கை தள்ளுவது கடினமாகும், பம்ப் சுடும். அதே கதைதான். அந்தச் சூட்டுக்கு என்ன வழி? சிலிண்டருக்குள் கொஞ்சம் கொஞ்சமாகத் தண்ணீர் விடுவார்கள். தண்ணீர் ஆவியாகிச் சூட்டைத் தூக்கிக்கொண்டு காற்றோடு வெளியே போய்விடும். நம் 1275 மெகா ஜூலும் இப்படிப் போக வேண்டுமானால் சுமார் 500 லிட்டர் தண்ணீர் போதும். தேய்வதற்குக் கட்டை இல்லை, கருகுவதற்கு லைனிங் இல்லை. எதிர் அழுத்த பிரேக் என்று இதைச் சொல்லலாம். லாரிக்காரர்கள் சின்ன கியரில் எஞ்சின் பிடியில் இறக்குவது இதற்குச் சித்தப்பா பிள்ளை.

இதோடு நிற்கவில்லை. ஓடும் சக்கரத்துக்குத் தனி பிரேக், பல் சக்கரத்துக்குத் தனி பிரேக், பெட்டிகளுக்கு வேக்வம் பிரேக், அது போக ஒவ்வொரு பெட்டியின் முகப்பிலும் கொடியோடு உட்கார்ந்திருக்கும் பிரேக்ஸ்மேன்கள். எஞ்சின் எப்போதும் பள்ளத்துப் பக்கம்தான் இருக்கும். ஏறும்போது தள்ளும், இறங்கும்போது தாங்கும். கொக்கி அறுந்தாலும் பெட்டிகள் எஞ்சின் மேல்தான் வந்து சாயும். இன்னொரு லாபமும் உண்டு. புகைபோக்கி மேட்டைப் பார்த்து, நெருப்புப் பெட்டி பள்ளத்துப் பக்கம் இருப்பதால், சரிவில் பாய்லர் தண்ணீர் பின்னால் ஒதுங்கி நெருப்புப் பெட்டியின் மேல்தகட்டை மூடியே இருக்கும். அந்தத் தகடு காய்ந்தால் பாய்லர் கதை முடிந்தது.

இத்தனை பிரேக் எதற்கு என்று அலட்சியமாகக் கேட்கும் நண்பர்களுக்கு ஒரு சம்பவம். வேல்ஸ் நாட்டில் ஸ்நோடன் மலை ரயில், அதுவும் ஆப்ட் பல்தான். 1896 ஏப்ரல் 6, திறப்பு விழா நாள். முதல் எஞ்சின் 'லடாஸ்' இரண்டு பெட்டிகளோடு உச்சியிலிருந்து இறங்கியது. வழியில் பினியன் பல்லை விட்டு மேலே ஏறிவிட்டது. அந்த எஞ்சினின் ஓடு சக்கரங்கள் சும்மா உருளுபவை, ஓட்டுவதும் நிறுத்துவதும் எல்லாம் பல் சக்கரம் வழியாகத்தான். பல் போனதும் பிரேக்கும் போயிற்று. டிரைவரும் ஃபயர்மேனும் குதித்துத் தப்பினார்கள், எஞ்சின் பள்ளத்தில் விழுந்து நொறுங்கியது. பெட்டிகள் எஞ்சினோடு பிணைக்கப்படவில்லை. அவை தங்கள் சொந்த பிரேக்கில் நின்றுவிட்டன. பயந்து வெளியே குதித்த ஒரு பயணி மட்டும் இறந்துபோனார். உள்ளேயே இருந்திருந்தால் பிழைத்திருப்பார். பிறகு பினியன் மேலே எழும்பாமல் இருக்க, பல் தண்டவாளத்தைப் பிடித்துக்கொள்ளும் ஏற்பாடு ஒன்றைச் செய்துதான் மறுபடி ஓட்டினார்கள். சுவிட்சர்லாந்தின் பிலாட்டஸ் மலையில் சரிவு 100-க்கு 48. அங்கே இந்த மேலெழும்பல் பயத்துக்காகவே லோகர் என்பவர் பல்லைப் பக்கவாட்டில் வைத்து, இரண்டு பக்கமும் படுக்கைவாட்டில் சக்கரம் கவ்வும்படி செய்து 1889-லேயே ஓட்டிவிட்டார். அதைப் பற்றி எழுதினால் தனிக் கட்டுரை ஆகிவிடும்.

இதையெல்லாம் நோட்டில் எழுதி முடித்த பிறகு அப்பாவை அந்த ரயிலில் கூட்டிப்போனேன். இருபது வருஷமாக ரோட்டிலிருந்து பார்த்திருக்கிறாரே தவிர ஒரு தடவையும் ஏறியதில்லை. பஸ்ஸில் குன்னூர் போய், மதியம் இறங்கும் வண்டியில் டிக்கெட் எடுத்தோம். சுற்றியிருந்தவர்கள் அருவியைப் பார்த்தார்கள், குரங்குக்கு பிஸ்கட் போட்டார்கள். அப்பா பிரேக்ஸ்மேனின் கையையே பார்த்துக்கொண்டு வந்தார். எஞ்சின் பக்கமிருந்து பெரிய மூச்சு மாதிரி ஒரே சீராகச் சத்தம். வெள்ளையாக ஆவி.

"அது புகையா கண்ணு?"

"இல்லீங்கப்பா. சிலிண்டர்ல விட்ட தண்ணி. சூடு அதுல போயிருது."

அப்பா மூக்கை உறிஞ்சிப் பார்த்தார். ரன்னிமேடு தாண்டி, ஹில்குரோவ் தாண்டி, இரண்டு மூன்று தடவை அப்படிச் செய்தார். "வாடையே காணமே" என்றார். பிறகு, "நம்ம லாரிக்கு எவ்வளவு வரும், போட்டுப் பாரு" என்றார்.

டிக்கெட்டின் பின்பக்கத்தில் போட்டேன். குன்னூரிலிருந்து மேட்டுப்பாளையம் வரை 1385 மீட்டர். வண்டியும் சுமையும் சேர்த்து 16 டன். சுமார் 217 மெகா ஜூல். "85 லிட்டர் தண்ணியைச் சுத்தமா ஆவியாக்குற சூடுங்கப்பா. முக்கால்வாசி உங்க நாலு டிரம்முலதான் போயிருக்கும்" என்றேன்.

அப்பா ரொம்ப நேரம் ஜன்னல் வழியே ரோட்டைப் பார்த்துக்கொண்டிருந்தார். கல்லாறு வந்து, பல் விடும் சத்தம் கேட்டது. அப்போதுதான் என் பக்கம் திரும்பினார்.

"அன்னிக்கு 16 இல்ல கண்ணு. 19."

டிக்கெட்டை வாங்கி, நான் போட்ட கணக்கில் 16-ஐ அடித்துவிட்டு, அவர் கையாலேயே 19 என்று எழுதி என்னிடம் திருப்பிக் கொடுத்தார்.